பழைய பிஎஸ்பிக்கு சார்ஜர் கிடைத்த விதம்

தம்பி விளையாடிய பிஎஸ்பி, அதாவது சோனியின் கையடக்க கேம் கருவி, அலமாரியில் கிடந்தது, மகனுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தால் சார்ஜரைக் காணோம். கோலாலம்பூரில் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். டைப்-சி கேபிள் குவிந்து கிடக்கிறது, இதைக் கேட்டால் மட்டும் எல்லாரும் 'தாக் அடா' (இல்லை) என்று கையை விரிக்கிறார்கள்.

சரி என்று வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் நிற வட்டத் துளை, நடுவில் மெல்லிய ஊசி, பக்கத்தில் பொடி எழுத்தில் 5 வோல்ட். யூஎஸ்பியும் 5 வோல்ட்தானே! அப்படியென்றால் வீட்டில் இருக்கும் போன் சார்ஜரே போதும், தேவை அந்த முனை உள்ள கேபிள் மட்டும்தான்.

மறுபடி போனபோது பிஎஸ்பி என்ற பேச்சையே எடுக்காமல், வெளியே 4.0, உள்ளே 1.7 மில்லிமீட்டர் முனை, நடுவில் பாசிட்டிவ், மறுமுனை யூஎஸ்பி என்று எழுதி நீட்டினேன். கடைக்கார அங்கிள் டிராயரிலிருந்து உடனே எடுத்துக் கொடுத்தார், 12 ரிங்கிட்.

பேட்டரியையும் கழற்றிப் பாருங்கள், உப்பியிருந்தால் தயவுசெய்து சார்ஜ் போடாதீர்கள். புதிது வாங்குவதானால் மாடலைப் பார்த்து வாங்குங்கள்: முதல் மாடலுக்கு 1800 எம்ஏஎச் கொள்ளளவு உள்ள பேட்டரி; பிஎஸ்பி-2000, பிஎஸ்பி-3000 மாடல்களுக்கு மெலிந்த 1200 எம்ஏஎச் பேட்டரி. எங்களுடையது நன்றாகவே இருந்தது, செருகியதும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.