ஜர்னல்டி ஓட்டை உங்கள் சர்வரில் அடைபட்டதா? பார்க்கும் வழி

டெபியன் 9, சென்ட்ஓஎஸ் 7 மாதிரி பழைய லினக்ஸ் சர்வர் இன்னும் ஓடுகிறது என்றால், லாக் பதிவு செய்யும் சிஸ்டம்டி-ஜர்னல்டி சர்வீஸை இன்றே பார்த்துவிடுங்கள். 2019 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட சிவிஇ-2018-16864, 16865 இரண்டும்தான் முக்கியம் (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்). சாதாரண லாகின் உள்ள எவரும் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசர், ஆகிவிடலாம். 16865-ஐ 16866 என்ற இன்னொரு ஓட்டையோடு சேர்த்தால் 64 பிட் மெஷினில் சராசரியாக 70 நிமிடம் போதும் என்று அவர்களே செய்து பார்த்துச் சொன்னார்கள்.

பிரச்சினை, மெமரியில் இடம் ஒதுக்கும் அலோகா என்ற ஃபங்ஷன். மேலாக் என்ற வழக்கமான ஃபங்ஷன் மாதிரி ஹீப் என்ற பொது மெமரியில் இடம் கேட்காமல், ஸ்டாக் என்ற தற்காலிக மெமரியின் பாயின்டரை அப்படியே கீழே தள்ளிவிடும், இடம் இருக்கிறதா என்று பார்க்காது, எரரும் தராது. லாக் எழுதும் புரோகிராமின் கமாண்ட் லைனையும் ஜர்னல்டி சேர்த்துப் பதிவு செய்வதால், ஒருவர் பல மெகாபைட் நீள ஆர்குமென்ட் கொடுத்தால் ஸ்டாக், நடுவில் காவலுக்கு இருக்கும் கார்டு பேஜையே தாண்டிக் குதித்து வேறு மெமரியில் போய் விழுகிறது. 16865-இல் இதே வேலையை ஒரே லாக் பதிவில் ஏராளமான ஃபீல்டுகளை (பெயர்-மதிப்பு ஜோடிகளை) அனுப்பிச் செய்யலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? வெர்ஷன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். திருத்தம் சிஸ்டம்டி 241-இல் வந்தது, ஆனால் சென்ட்ஓஎஸ் 7 பேட்ச் ஆன பிறகும் 219 என்றுதான் காட்டும், ஏனென்றால் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் ஒட்டுகிறார்கள். பேக்கேஜின் சேஞ்ச்லாக்கை (மாற்றங்களின் பட்டியலை) எடுத்து கிரெப் என்ற தேடும் கமாண்டில் 16864 என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் 'ஐயோவெக்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் (iovec) தேடுங்கள், திருத்தத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது.

இரண்டுமே இல்லையென்றால் சிஸ்டம்டியை அப்டேட் செய்யுங்கள். ரிப்பாசிட்டரி மூடியிருந்தால் ஆர்க்கைவ் மிரருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இதற்கான பேட்ச் அதில் இருக்கிறது. அப்புறம்தான் பலர் கோட்டை விடும் இடம்: ஃபைல் மாறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழையதாகவே இருக்கலாம். ப்ராக் டைரக்டரியில் ஜர்னல்டியின் பிஐடி (புராசஸ் எண்) பெயரில் இருக்கும் டைரக்டரிக்குள் போய் எக்ஸிஇ லிங்க்கைப் பாருங்கள், 'டெலீட்டட்' என்று காட்டினால் பழைய பைனரிதான் இன்னும் மெமரியில் இருக்கிறது. ரீபூட் செய்துவிடுவதே நல்லது.

பல மெஷின்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்க்க ஜர்னல்-ரிமோட் ஓட்டுகிறவர்கள் அந்த சர்வரை முதலில் முடியுங்கள். 16865 அங்கே நெட்வொர்க் வழியாகவும் எட்டும்.