ராக்கெட்லான் சீசனில் பாயின்ட் கைநழுவும் இடங்கள்

18-21, 17-21, 19-21, 21-9. நான்கில் மூன்று விளையாட்டைத் தோற்றவர்தான் இந்த மேட்சை ஜெயித்தவர். மொத்தக் கணக்கு 75-72. நான்கு மட்டை விளையாட்டுகளை ஒரே மேட்சாக ஆடும் ராக்கெட்லானுக்குப் புதிதாக வருபவர்களிடம் இதைச் சொன்னால் நன்றாகத் தலையாட்டுவார்கள். களத்தில் இறங்கியதும் மறந்துவிடுவார்கள்.

விதி எளிதுதான். டேபிள் டென்னிஸ், பேட்மின்டன், ஸ்குவாஷ், டென்னிஸ் என்று சின்ன மட்டையிலிருந்து பெரிய மட்டைக்குப் போகும் வரிசை. ஒவ்வொன்றும் 21 பாயின்ட், 20-20 ஆனால் இரண்டு பாயின்ட் முன்னிலை வேண்டும். ஆளுக்கு இரண்டு சர்வாக மாறி மாறிப் போடுவார்கள். நான்கிலும் எடுத்ததைக் கூட்டி யாரிடம் அதிகமோ அவர் வெற்றியாளர். 1980-களில் பின்லாந்தில் தொடங்கிய இந்த விளையாட்டின் முதல் உலக சாம்பியன்ஷிப் 2001-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்தது. இப்போது உலகச் சுற்று என்ற பெயரில் ஆண்டுதோறும் பல நாடுகளில் தொடர்கள் நடக்கின்றன.

சீசனுக்குத் தயாராகிறவர்கள் செய்யும் முதல் தவறு பயிற்சித் திட்டத்திலேயே இருக்கிறது. அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு விளையாட்டிலிருந்து வந்தவர்கள்தான். பேட்மின்டன்காரர் பேட்மின்டனையே மேலும் பட்டை தீட்டுவார். ஏற்கெனவே 21-8 என்று ஜெயிப்பவர் மாதக்கணக்கில் உழைத்து அதை 21-6 ஆக்கினால் லாபம் இரண்டே பாயின்ட். அதே ஆள் டேபிள் டென்னிஸில் 5-21 என்று தோற்பதை 11-21 ஆக்கினால் ஆறு பாயின்ட் கிடைக்கும். அதற்கு பெரிய வித்தை எதுவும் வேண்டாம். எதிராளியின் சர்வை மேஜையில் திருப்பிப் போடத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. எதில் ஆடப் பிடிக்கவில்லையோ அதில்தான் பாயின்ட் மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் இந்த விளையாட்டின் குறும்பு.

டேபிள் டென்னிஸை எடுத்ததால் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டென்னிஸ், ஸ்குவாஷ் பக்கமிருந்து வருபவர்கள் மற்ற மூன்று மட்டைகளையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். டேபிள் டென்னிஸ் மட்டை மட்டும் கிளப்பில் கிடக்கும் ஏதோ ஒன்று. ரப்பர் வழுவழுத்து சுழற்சியே ஏறாது. மேட்சின் முதல் 21 பாயின்ட்டை அதை வைத்துக்கொண்டு ஆடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். இன்னொன்று, எதிராளியின் மட்டையைப் பார்க்காமல் ஆடத் தொடங்குவது. மேட்சுக்கு முன் மட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், விதியே அதற்கு இடம் தருகிறது. ஒரு பக்கம் நீளமான சிறு முனைகள் துருத்தி நிற்கும் ரப்பர் இருந்தால், நீங்கள் கொடுத்த சுழற்சி எதிர்மாறாகத் திரும்பி வரும். எந்த நிறத்தில் எந்த ரப்பர் என்று முன்பே தெரிந்தால் பந்து வலையில் விழுவது பாதியாகக் குறையும். தெரியாமல் போனால் 0-7 ஆன பிறகுதான் புரியும்.

அடுத்தது விட்டுக்கொடுப்பது. 6-17 என்று பின்தங்கியதும் "சரி, இது போச்சு, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோள் தொங்கிவிடும். வழக்கமான போட்டியில் இது நியாயமான புத்திதான். 40-0 என்று எதிராளி சர்வ் போடும்போது டென்னிஸ்காரர்கள் அந்த கேமை விட்டுவிட்டுத் தம் பிடிப்பதுண்டு. இங்கே அப்படி விடுவதற்கு கேம் என்று ஒன்றே கிடையாது. 6-17-லிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாயின்ட்டும், 19-19-ல் எடுக்கும் பாயின்ட்டுக்குச் சமம். எதிர்ப்பக்கமும் இதேதான்: 18-7 என்று முன்னிலையில் இருப்பவர் அழகுக்காக ஷாட் அடிக்கத் தொடங்குவார். 21-7 ஆக வேண்டியது 21-12-ல் முடியும். ஜெயித்த சந்தோஷத்தில், ஐந்து பாயின்ட் போனது யாருக்கும் உறைப்பதில்லை.

டென்னிஸ் கடைசியில் வருவதால், அதில் கெட்டிக்காரர்களுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. எவ்வளவு பின்தங்கினாலும் கடைசியில் அள்ளிவிடலாம் என்ற நம்பிக்கை. கணக்கு அப்படி இல்லை. மூன்று விளையாட்டு முடிந்து 18 பாயின்ட் பின்னால் இருந்தால், டென்னிஸை 21-2 என்று ஜெயிக்க வேண்டும். 21-3 என்றால் சமன்தான். 22 பின்னால் இருந்தால் டென்னிஸ் கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம், மேட்ச் அங்கேயே முடிந்தது. முன்னிலையில் இருப்பவருக்கும் ஒரு சின்ன வாய்ப்பாடு கைகொடுக்கும்: 22-லிருந்து உங்கள் முன்னிலையைக் கழியுங்கள். 15 முன்னிலை என்றால் டென்னிஸில் ஏழு பாயின்ட் போதும். ஏழாவது வந்த நொடியில் மேட்ச் உங்களுடையது. இந்த எண் மனதில் இருந்தால் முதல் சர்வை ஓங்கி அடிக்கும் ஆசை தானே அடங்கும்.

விளையாட்டு மாறும் அந்தச் சில நிமிடங்களைப் பலர் வீணாக்குகிறார்கள். டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம். டென்னிஸ் பந்து ஐம்பத்தாறு கிராமுக்குக் குறையாது. பேட்மின்டனில் மணிக்கட்டைச் சொடுக்கிய அதே கை டென்னிஸில் அப்படிச் சொடுக்கினால் பந்து வேலியைத் தாண்டும், முழங்கையும் வலிக்கும். ஆகவே டென்னிஸ் வார்ம்-அப்பில் எதிராளிக்கு எட்டாத வின்னர் அடித்துப் பார்ப்பதை விட, தோளையும் இடுப்பையும் திருப்பி நிதானமாகப் பந்தைத் தள்ளிப் பழகுவதே மேல்.

ஸ்குவாஷில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து குளிர்ந்திருந்தால் எழும்பாது, பின் மூலைக்குப் போனால் அங்கேயே செத்துவிடும். அது ஸ்குவாஷ் தெரிந்தவருக்குத்தான் லாபம். நீங்கள் அதில் பலவீனமானவர் என்றால், வார்ம்-அப்பில் கூச்சப்படாமல் பந்தைச் சூடேறும்வரை பலமாக அடியுங்கள். சூடான பந்து எழும்பி வரும், ஓடி எடுக்க நேரம் கிடைக்கும்.

காலணி விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: வெளியே டென்னிஸ் ஆடிய ஷூவோடு பேட்மின்டன், ஸ்குவாஷ் கோர்ட்டுக்குள் போகாதீர்கள். தரையில் கறை படியாத அடிப்பாகம் கொண்ட ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும். டென்னிஸ் எந்தத் தரையில், உள்ளரங்கிலா வெளியிலா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

சீசன் திட்டத்தில் பேராசைதான் எதிரி. ஒரே வார இறுதியில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர், போதாததற்கு வயதுப் பிரிவு என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுப்பவர்கள் உண்டு. தோற்றவர்களுக்கும் இட நிர்ணய ஆட்டங்கள் வைக்கும் தொடர்கள் இருப்பதால், "முதல் சுற்றில் தோற்றால் ஓய்வுதானே" என்ற கணக்கும் தப்பாகிவிடும். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு தொடர்கள் என்றால் முதலில் கெடுவது தோள்பட்டை. பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலும் கௌரவம் பார்க்கக் கூடாது. மிக வலுவானவர்கள் ஆடும் எலைட் பிரிவில் ஒருதலையாக வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட, பி பிரிவில் நான்கு நெருக்கமான மேட்ச் ஆடினால் அதிகம் கற்கலாம். கோப்பைக்காக வேண்டுமென்றே கீழ்ப் பிரிவில் ஆடுவது வேறு ரகம், அது எனக்குப் பிடிக்காது.

கடைசியாக, யாருமே பயிற்சி செய்யாத ஒன்று. நான்கும் முடிந்து மொத்தம் சமனாக இருந்தால் டென்னிஸ் கோர்ட்டில் ஒரே ஒரு பாயின்ட் ஆடுவார்கள். அதற்கு கம்மியார்ம் என்று பெயர். சர்வ் போடுபவருக்கு ஒரே வாய்ப்புதான், இரண்டாவது சர்வ் கிடையாது. நான்கு விளையாட்டும் ஆடிக் களைத்து, கை நடுங்கும் நேரத்தில் முதல் சர்வை நம்பி ஓங்கி அடித்து வலையில் போட்டால் மொத்த மேட்சும் போச்சு. ஒவ்வொரு டென்னிஸ் பயிற்சியின் முடிவிலும், நன்றாகக் களைத்த பிறகு, உங்கள் இரண்டாவது சர்வை மட்டும் ஒரே ஒரு தடவை போட்டு அந்த பாயின்ட்டை ஆடி முடியுங்கள். தவறினால் இன்னொன்று போட்டுப் பார்க்காமல் மட்டையைப் பையில் வையுங்கள்.