பழைய ஃபெடோரா தொப்பி: பார்த்து வாங்க, பதமாக அணிய, பாழாகாமல் காக்க

ஸ்டெட்சன், போர்சாலினோ என்று பிரபல தொப்பி நிறுவனங்களின் பெயரைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பழைய ஃபெல்ட் (முயல் போன்றவற்றின் மயிரை அழுத்திச் செய்த துணி) தொப்பியின் நிலையை உள்ளே நெற்றியில் படியும் தோல்பட்டைதான் சொல்லும். பட்டையை வெளிப்பக்கமாக மடக்கிப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். மடக்கும்போதே நொறுங்கினால், செந்தூளாக உதிர்ந்தால், எந்த எண்ணெயும் அதை மீட்காது. புதுப் பட்டைதான் தைக்க வேண்டும். அந்தச் செலவு பல சமயம் தொப்பியின் விலையையே தாண்டும். பட்டைக்குப் பின்னால் அளவுச் சீட்டும் தொழிற்சங்க முத்திரையும் ஒட்டியிருந்தால் காலத்தைக் கணிக்க உதவும். பிய்த்துவிடாதீர்கள்.

அடுத்து, தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவில் ஒளி தெரிந்தால் அந்துப்பூச்சி தின்ற ஓட்டை. மேற்பகுதியின் முன்புறம் இருபக்கமும் கிள்ளியதுபோல் குழிந்திருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வருடக்கணக்கில் அங்கேயே பிடித்துத் தூக்கியதால் வருவது அது. எப்போதும் விளிம்பை இரு கையாலும் பிடித்து எடுங்கள்.

அளவுக்கு, புருவத்துக்கு மேலே காதைத் தொடாமல் டேப்பைச் சுற்றுங்கள். 57 செ.மீ. என்றால் அமெரிக்க அளவில் 7 1/8. 58 என்றால் 7 1/4. 59 என்றால் 7 3/8. பட்டை சுருங்கியிருக்கலாம் என்பதால், சீட்டை நம்பாமல் உட்சுற்றை அளந்து சொல்லச் சொல்லுங்கள். சற்றுப் பெரிதானால் பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் நாடா வைக்கலாம். சிறிதானதை இழுத்துப் பெரிதாக்கப் போனால் பழைய தையல் பிரியும்.

அணியும்போது, தொப்பியை வெளியே சுற்றியிருக்கும் நாடாவின் முடிச்சு இடப்பக்கம் வரட்டும். விளிம்பு முன்னே தாழ்ந்தும் பின்னே உயர்ந்தும் இருப்பதே அழகு.

மழையில் நனைந்தால் ஹேர் டிரையர், வெயில் இரண்டும் கூடாது. ஃபெல்ட் சுருங்கும், தோல் இறுகும். பட்டையை வெளியே மடக்கி, அதன்மேல் தொப்பியை நிறுத்தி, அறைக் காற்றில் உலரவிடுங்கள். பூட்டிய காரில் வைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். தூசிக்கு மென்மையான குதிரைமயிர் பிரஷ் போதும். மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் தேயுங்கள், மயிர் படிந்திருப்பது அப்படித்தான். எண்ணெய்க் கறைமேல் முல்தானி மட்டியைத் தூவி, ஓர் இரவு விட்டுத் தட்டிவிடுங்கள். நெளிவுக்குக் கெட்டில் ஆவியை ஒரு சாண் தள்ளிக் காட்டி, சூடு இருக்கும்போதே கையால் நீவுங்கள். ஆவி தோல்பட்டையில் படக்கூடாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் முயல் மயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பு என்னும் நஞ்சைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1941-இல்தான் அது நின்றது. அதற்கு முந்தைய தொப்பிக்கு ஆவி காட்டாதீர்கள். கையுறை போட்டே தொடுங்கள். அலமாரியில் வைத்து ரசிக்க வேண்டியவை அவை.

புதிதாக வந்த தொப்பியை மற்றவற்றோடு சேர்க்கும் முன், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஈரம் ஃபெல்ட்டில் படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். பிறகு பெட்டியில் தலைகீழாக, மேற்பகுதி அடியில் இருக்குமாறு வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் தோல்பட்டை பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் போடுங்கள்.