கேரவன் குளியலறைக்குப் பெயிண்ட் அடிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிரிட்டனில் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய பழைய கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை) வாங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணை உறுத்துவது குளியலறைதான். வாஷ்பேசினில் கூரை ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் மட்டும் மஞ்சளித்துப் போயிருக்கும். அலமாரிக் கதவு திறந்து மறைக்கும் இடம் இன்னும் வெள்ளையாக இருக்கும். அது அழுக்கு அல்ல. இந்தச் சாமான்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் கலந்திருக்கும் பியூட்டடையீன் ரப்பர், புற ஊதாக் கதிர் பட்டுக் காற்றோடு வினைபுரிந்து நிறம் மாறுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்த மாடலுக்குப் புதுச் சாமான் கிடைக்கவில்லை என்றால் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

ஸ்ப்ரே பெயிண்ட் கேனைக் குலுக்காமல் அடிப்பது, தூசியோடு அடிப்பது போன்றவற்றை விட்டுவிடலாம். ஒரு தடவை கெட்டால் தானே புரிந்துவிடும். கெட்ட பிறகும் காரணம் புரியாமல் திரும்பத் திரும்ப நடப்பவைதான் இங்கே.

சிலிக்கோன் போவதற்கு முன் உப்புத்தாள் போடுவது

புதிதாக இறங்குகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். பேசினைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் சிலிக்கோன் பட்டையைக் கத்தியால் அறுத்து எடுப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். உடனே உப்புத்தாளைக் கையில் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பட்டை போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் படலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. உப்புத்தாள் அதை எடுப்பதில்லை. பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அழுத்தித் தேய்த்து, பக்கத்து இடங்களுக்கும் இழுத்துப் பரப்புகிறது.

ப்ரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, ஒழுங்காக உட்கார்ந்த மாதிரிகூடத் தெரியும். அடுத்த கோட் ஈரமாக விழுந்ததும், ஒரு நிமிடத்துக்குள் கடுகளவில் வட்ட வட்டமாகக் குழி திறக்கும். நடுவில் அடிப்பரப்பு தெரியும், விளிம்பு மேடாக இருக்கும். மீன்கண் என்பார்கள். சிலிக்கோனின் பரப்பு இழுவிசை பெயிண்டுடையதைவிடக் குறைவு. அதனால் பெயிண்ட் அதன் மேல் பரவாமல் விலகி ஓடுகிறது. குழியை மூட இன்னொரு கோட் அடித்தால் விளிம்புதான் இன்னும் உயரும், குழி மூடாது.

எரிச்சலே அடுத்ததில்தான். இரும்புக் கேட் என்றால் பெயிண்ட் ரிமூவர் தடவி மொத்தத்தையும் உரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஏபிஎஸ்ஸில் அது முடியாது. ரிமூவர் பெயிண்டோடு சேர்த்துப் பேசினையும் இளக்கிவிடும். இரண்டு நாள் காயவிட்டு, குழிந்த பேசின் முழுவதையும் கையாலேயே 320 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துப் பிளாஸ்டிக் வரை இறங்க வேண்டும். முதலிலேயே துடைத்திருந்தால் அரை மணி நேர வேலை. இப்போது ஒரு வார இறுதியும் மூன்று கேன் பெயிண்டும் போச்சு.

முதலில் பட்டையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புப் பிளேடு ஆழமாகக் கீறிவிடும். மிச்சத்துக்குச் சிலிக்கோன் ரிமூவர் ஜெல் போடலாம். ஆனால் சாமானின் பின்பக்கம் ஒரு துளி தடவிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அந்த ஜெல் உங்கள் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவி, இரண்டு தடவை அலசுங்கள். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இதற்கு இரண்டு துணி வேண்டும்: ஒன்றால் ஈரமாகத் துடைத்து, அது காய்வதற்குள் உலர்ந்த மற்றொன்றால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால் ஆல்கஹால் ஆவியாகும், சிலிக்கோன் அங்கேயே பரவி உட்காரும். ஒரு முழம் துடைத்ததும் துணியின் பக்கத்தை மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாள். தண்ணீர் தொட்டு 320, அப்புறம் 500. பளபளப்பு ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது. மூலைகளுக்குச் சாம்பல் நிற நைலான் நார் வசதி. பிறகு கழுவலும் ஆல்கஹாலும் மறுபடி ஒரு சுற்று.

சந்தேகம் இருந்தால் ஒரு குவளை தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி லேசாக விலகினால் அது பிளாஸ்டிக்கின் குணம். பழைய சிலிக்கோன் பட்டை இருந்த இடத்தில் மட்டும் முத்து முத்தாக உருண்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: கதவுத் தண்டவாளத்துக்கும் டாய்லெட் ரப்பருக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் உண்டு. பெயிண்ட் வேலை முடியும்வரை அந்த டப்பா கேரவனுக்குள்ளேயே வரக் கூடாது. காற்றில் மிதந்து வரும் துளி போதும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் அடிப்பது

சாமானின் பின்பக்கம் ஏபிஎஸ், பிபி (பாலிபுரொப்பிலீன்) என்று எழுத்துப் பொறித்திருக்கும். பொறிப்பு இல்லையா? மறைவான ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து, இரண்டு சொட்டுச் சோப்புத் திரவம் கலந்த தண்ணீரில் போடுங்கள். ஏபிஎஸ் மூழ்கும். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும். சோப்பு எதற்கென்றால், வெறும் தண்ணீரின் மேற்பரப்பு மெல்லிய சீவலைத் தாங்கிப் பிடித்துப் பொய் சொல்ல வைக்கும்.

மிதக்கிற ரகத்தில் சாதாரண ப்ரைமர் பிடிக்காது. அதற்கென்று விற்கும் ஒட்டுத்திறன் ப்ரைமரை முதலில் மெல்லிய பனி போல அடித்து, டப்பாவில் போட்ட நேரத்துக்குள் மேல் கோட் அடிக்க வேண்டும். அப்படி அடித்தாலும் வளைகிற பாகத்தில், கீலுள்ள மூடியில், நகம் பட்டால் உரியும். அவற்றை அப்படியே விட்டுவிடுவதே மேல்.

அசிட்டோன், லாக்கர் தின்னர்

ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். துடைக்கத் தொடாதீர்கள்.

ஆடுகிற ஷவர் ட்ரேக்கு மேல் பெயிண்ட்

ஷவருக்கு அடியில் நின்று குளிக்கும் தட்டுதான் ட்ரே. அதன் நான்கு மூலையிலும் நடுவிலும் காலை வைத்து அழுத்துங்கள். எங்காவது பள்ளமாக இறங்கினால் அடியில் தாங்கல் போய்விட்டது. அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் சீக்கிரமே வெடிக்கும். அதைவிட மோசம், மயிரிழை விரிசலைப் பெயிண்டால் மறைப்பது. விரிசல் கண்ணிலிருந்து போய்விடும். தண்ணீர் மட்டும் அடியில் இருக்கும் பிளைவுட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தரை மெத்தென்று அமுங்கும்போதுதான் தெரியவரும்.

விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. அடியில் பிளைவுட் துண்டோ, அதிகம் உப்பாத ரக ஃபோமோ கொடுத்துத் தாங்குங்கள். ஏபிஎஸ் சீவல்களை அசிட்டோனில் கரைத்த பசையால் விரிசலை அடைத்து 24 மணி நேரம் விடுங்கள். துடைக்கக் கூடாத அதே அசிட்டோன் இங்கே உதவுகிறது! இவ்வளவு செய்தாலும் கால் மிதிபடும் இடத்தில் கேன் பெயிண்ட் நிற்காது. பேசின், சுவர்ப் பலகை, அலமாரி வரை கேனால் அடியுங்கள். ட்ரேக்கு வேண்டுமானால் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பூச்சு, இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே அடிப்பது

கேரவன் குளியலறை ஒரு ஆள் திரும்பும் அளவுதான். பக்கத்திலேயே கேஸ் ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர். ஸ்ப்ரே ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும். சிலிண்டர் வால்வை மூடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தரையில் இருக்கும் காற்றுத் துளைகளை மாஸ்கிங் டேப் போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கசியும் கேஸ் கீழே இறங்கி வெளியேறத்தான் அந்தத் துளைகள்.

ஹார்டனர் கலக்கும் 2கே கேனில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் ரசாயனம் உண்டு. காகித மாஸ்க் அதற்குக் காவல் அல்ல. பேசினைக் கழற்றி வெளியே கொண்டுபோய் அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெரும்பாலும் அடியில் சில ஸ்க்ரூக்கள்தான்.

ஒரே அடியில் மூடப் பார்ப்பது

20–25 சென்டிமீட்டர் தூரம், மெல்லிய கோட் மூன்று அல்லது நான்கு, நடுவில் பத்து நிமிடம். முதல் கோட்டில் மஞ்சள் தெரிந்தால் தெரியட்டும். அடுத்த கோட்டுக்கான நேரத்தை டப்பாவில் படியுங்கள். பல கேன்களில் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் ஒரு நாள் கழித்து என்றிருக்கும். இடையில் அடித்தால் கீழ்க் கோட் சுருங்கி மடிப்பு மடிப்பாக எழும்.

பிப்ரவரியில் அடிப்பது

பிரிட்டனில் அது குளிர்காலம், வேண்டாம். 15 டிகிரிக்கு மேல், ஈரமில்லாத நாள்.

டேப்பை மறுநாள் உரிப்பது

ஓரங்களை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுக்க இறுகும் முன்பே உரியுங்கள். இல்லையென்றால் ஓரம் பல் பல்லாகக் கிழியும்.

தொட்டால் ஒட்டவில்லை என்று குளிக்கப் போவது

ஒரு மணி நேரத்தில் கை ஒட்டாது. உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை தண்ணீரும் வேண்டாம், புதுச் சிலிக்கோனும் வேண்டாம். சிலிக்கோன் வாங்கும்போது வினிகர் வாடை அடிக்கும் ரகத்தைத் தவிர்த்து, நியூட்ரல் என்று போட்டதை வாங்குங்கள். தண்ணீர் இறங்கும் வாயின் வளையத்தைப் பூட்டும்போது மேல் பாகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் நட்டை மட்டும் கையால் திருகுங்கள். மேல் வளையம் சேர்ந்து சுற்றினால், அதன் அடியில் இருக்கும் பெயிண்ட் வட்டமாக உரிந்து வந்துவிடும்.