அமெரிக்கா பிரைமரில யூனியன் ஆதரவ எப்டி எடை போடறது

பெரம்பூர் மில்லு ஏரியாக்காரனுக்கு யூனியன்னா என்னன்னு சொல்லித் தர வேணாம், 1918லயே வாடியா, திரு.வி.க.லாம் சேந்து மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரமிச்ச எடம் இது. ஆனா அதே கண்ணாடிய போட்டுக்கினு அமெரிக்கா பிரைமரிய, அதாவது மெயின் எலக்சனுக்கு முன்னாடி கட்சிக்கு யாரு வேட்பாளர்னு முடிவு பண்ற ஓட்டெடுப்ப, பாத்தா கொழம்பிடுவ. இங்க கேட்ல பறக்குற கொடி கலர வச்சே எந்தக் கட்சின்னு சொல்லிடலாம், எல்பிஎஃப், சிஐடியூன்னு. அங்க ஒவ்வொரு வாட்டியும் யாருக்கு ஆதரவுன்னு யூனியன் தனியா முடிவு பண்ணும், சில வாட்டி கம்முனு இருந்துடும்.

மொதல்ல அறிவிச்சது தலைமையா, லோக்கல் கிளையான்னு பாரு. அடுத்து மெம்பருங்க பேச்ச கேக்குறாங்களா, இதான் மெயின் மேட்டரு. 2020ல நெவாடா மாநிலம், லாஸ் வேகாஸ் ஓட்டல்ல ரூம் கிளீன் பண்றவங்க, சமையல் ஆளுங்க இருக்குற கலினரி யூனியன், போராடி வாங்குன மெடிக்கல் இன்சூரன்ஸ் போயிடும்னு, ஜனாதிபதி வேட்பாளர் ஆவ டெமாக்ரடிக் கட்சில போட்டி போட்ட சாண்டர்ஸோட எல்லாருக்கும் அரசாங்க இன்சூரன்ஸ்ங்கற திட்டத்த எதுத்துச்சு, யாருக்கும் ஆதரவும் தரல. கடசில பெலாஜியோ ஓட்டலுக்குள்ள, வேல செய்யறவங்களே நின்னு ஓட்டு போட்ட எடத்துல, ஜெயிச்சது சாண்டர்ஸ்தான்!

காசு? சந்தா பணத்த நேரா வேட்பாளருக்கு குடுக்க முடியாது, மெம்பரு விருப்பப்பட்டு தர்ற தனி ஃபண்ட்லேந்துதான் போவும். அதவிட வீடு வீடா கதவ தட்ட ஆள் எறக்குறதுதான் வெயிட்டுன்னு நான் சொல்லுவேன்.

பிரைமரி ஜெயிச்சா எலக்சனே ஜெயிச்ச மாதிரின்னு டீக்கடைல பந்தயம் கட்டாத. 1983லயே ஏஎஃப்எல்-சிஐஓங்கற பெரிய யூனியன் கூட்டமைப்பு டெமாக்ரடிக் கட்சிக்காரரு மாண்டேலுக்கு ஆதரவு குடுத்துச்சு, அவரு கட்சி வேட்பாளரும் ஆனாரு, ஆனா 1984 ஜனாதிபதி எலக்சன்ல ரிபப்ளிகன் கட்சி ரீகன் 49 மாநிலத்த வாரிக்கினு போயிட்டாரு.