கேரவனில் சாமான் வைக்கும் இடம்: செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் கடையநல்லூரிலிருந்து இரண்டு தம்பிகள் பட்டறைக்கு வந்தார்கள். பழைய டிராவலர் வேன் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்படி, கழிப்பறை வைத்துக் கேரவனாக மாற்ற வேண்டுமாம். கட்டம் போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்துச் சுத்தமாகப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார்கள். பின்பக்கம் முழுக்க ஒரு கட்டில். கட்டிலுக்குக் கீழே அம்புக்குறி போட்டு ‘ஸ்டோரேஜ்’ என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2016-இல் என் சொந்த வண்டிக்கு நான் வரைந்ததும் அச்சு அசலாக அதே படம்தான்.

செங்கோட்டையில் எனக்கு மரவேலைப் பட்டறை. முன்பெல்லாம் கதவு, நிலை, கட்டில்தான். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு ஆரியங்காவு, புனலூர், கொல்லம் பக்கமிருந்தும் ஆட்கள் மலையேறி வந்து விசாரிக்கிறார்கள். வருகிறவர்கள் தமிழோ மலையாளமோ, கொண்டுவரும் படத்தில் தவறு மட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அளந்து வெட்டுங்கள், தண்ணீர் இறங்காமல் சீலன்ட் அடியுங்கள், நல்ல பிளை வாங்குங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எந்த ஆசாரியும் சொல்வார். படத்தில் பார்க்க நன்றாக இருந்து, வண்டியில் ஏறி நான்கு நாள் தங்கிய பிறகே தெரிய வரும் தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கட்டிலுக்குக் கீழே மூடி போட்ட பெட்டி

என் வண்டியில் ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரையடி உயரத்தில் ஒரே பெட்டியாக அடித்தேன். கணக்குப் போட்டால் 36 கன அடி. லிட்டரில் சொன்னால் ஆயிரம் லிட்டர். இவ்வளவு இடம் யாருக்குக் கிடைக்கும் என்று பெருமையாக இருந்தது. மேலே 18 மில்லிமீட்டர் பிளையில் மூடி, அதன்மேல் மெத்தை. மெத்தையைத் தூக்கி மூடியைத் தூக்கினால் உள்ளே எல்லாம் இருக்கும். பகலில், வண்டி பட்டறையில் நிற்கும்போது, அருமையாக இருந்தது.

அடுத்த ஆடி மாதம் குடும்பத்தோடு தென்மலை போய்விட்டுத் திரும்பினோம். புளியரைக்கு மேலே, மலைப்பாதையின் எஸ் வளைவில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. இரவு பதினொரு மணி. நல்ல மழை. மேலேயும் கீழேயும் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. விடியும் வரை நகர வழியில்லை என்று ஆனதும் எல்லாரையும் படுக்கச் சொன்னேன். கட்டிலில் அம்மா, என் மனைவி, இரண்டு பிள்ளைகள். நடைபாதையில் மடக்குப் பலகையை இறக்கி அதில் நான்.

ஒரு மணி வாக்கில் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. ஈரக்காற்று பட்டால் வரும், எங்களுக்குப் புதிதில்லை. இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். நீலப் பையில் இருக்கிறது என்றாள் மனைவி. நீலப் பை கட்டிலுக்குக் கீழே, பெட்டிக்குள், சுவர் ஓரமாக.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மூடியைத் திறக்க மெத்தையைத் தூக்க வேண்டும். மெத்தையைத் தூக்க எல்லாரும் இறங்க வேண்டும். இறங்கி நிற்க இடமில்லை, நடைபாதையில் என் பலகை கிடக்கிறது. பலகையை மடக்க அதன்மேல் கிடந்த போர்வை, தலையணை, செருப்புப் பை எல்லாவற்றையும் முன் சீட்டுக்குக் கடத்தினேன். தூக்கத்தில் இருந்த சின்னவனைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். மனைவியும் பெரியவளும் கதவைத் திறந்து மழையில் இறங்கி நின்றார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க, மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மெத்தையையும் மூடியையும் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு மறு கையால் துழாவினேன். பைக்கு மேலே கூடார மூட்டை. மூட்டைக்கு மேலே அரிசிப் பை.

பை கைக்குக் கிடைக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா பிழைத்துக்கொண்டாள். விடியற்காலை வீடு வந்து சேர்ந்ததும் அந்தக் கட்டிலைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

பிரிப்பதும் லேசாக முடியவில்லை. பெட்டியை ஊடுருவித் தண்ணீர்க் குழாயும் வயரிங்கும் ஓடியிருந்தன. பெட்டியை அறுத்தால் அவற்றையும் அறுக்க வேண்டும். பின்பக்க வரிசை முழுவதும் புதிதாகக் கட்டினேன். 85,000 ரூபாய் ஆனது. இருபத்திரண்டு நாள் பட்டறையில் வேறு வேலை ஓடவில்லை. முதல் தடவையே சரியாகக் கட்டியிருந்தால் நாலைந்து டிராயர் சேனலும் இரண்டு நாள் கூலியும்தான் கூடுதலாக ஆகியிருக்கும்.

இப்போது வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கட்டும். மேலிருந்து திறக்கும் மூடி மட்டும் வேண்டாம். அந்த இடத்தை இரண்டாக வெட்டுங்கள். நடைபாதையைப் பார்த்த பாதி டிராயர்கள். ஆள் மேலே படுத்திருக்கும்போதே இழுக்க வரும். முழுதாக வெளியே வரும் டெலஸ்கோபிக் சேனல் போட்டால் கடைசியில் கிடக்கும் பொருளும் கண்ணுக்குத் தெரியும். பின்பாதி, பின்கதவைத் திறந்தால் கிடைக்கும் அறை. கூடாரம், மடக்கு நாற்காலி, ஜாக்கி, கயிறு அங்கே போகட்டும். ஆனால் எஸ் வளைவில் நிற்கும்போது பின்னால் ஒட்டி லாரி நின்றால் பின்கதவைத் திறக்கவே முடியாது. அதனால் ராத்திரி தேவைப்படும் எதுவும் பின்னறைக்குப் போகக் கூடாது.

எந்தப் பொருள் எங்கே என்பதைப் படம் வரைவதற்கு முன்னால் தீர்த்துவிடுங்கள். வண்டியில் ஏறப் போகும் அத்தனை சாமானையும் வீட்டு முற்றத்தில் ஒரு தார்ப்பாயில் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்துவையுங்கள். படுத்த பிறகு தேவைப்படுவது ஒன்று: மருந்து, டார்ச், தண்ணீர், பிள்ளைகளின் மாற்றுத் துணி, வாளி. வழியில் ஓரம்கட்டி நிறுத்தி ஐந்து நிமிடத்தில் எடுப்பது இரண்டாவது: டீ போடும் சாமான், குடை, துண்டு. ஒரு இடத்தில் தங்கினால் மட்டும் வெளியே வருவது மூன்றாவது. எந்தக் குவியல் எவ்வளவு பெரிது என்று பார்த்தபிறகு பென்சிலை எடுங்கள். பெரும்பாலும் முதல் குவியல் ஒரு சின்ன டிராயருக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு டிராயர் எங்கே இருக்கிறது என்பதற்காகவே நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு சோதனை. தரையில் சாக்பீஸால் வண்டியின் உள்ளளவைக் கோடு போடுங்கள். தகரத்தின் அளவு வேண்டாம். இன்சுலேஷனும் பிளையும் அடித்த பிறகு மிஞ்சும் அளவு. கட்டில், அடுப்படி, கழிப்பறை எல்லாம் கோட்டில் இருக்கட்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும், பாட்டி உட்பட, அதில் படுங்கள். எல்லாப் பலகையும் விரித்த நிலையில் இருக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் ஒருவர் கழிப்பறைக்குப் போகட்டும், ஒருவர் தண்ணீர் எடுக்கட்டும், ஒருவர் மருந்து எடுக்கட்டும். யாராவது யார் காலையாவது மிதித்தால் சாக்பீஸை அழித்துத் திரும்பப் போடலாம். சாக்பீஸுக்குப் பெரிதாகக் காசு ஆகாது.

கடையநல்லூர்த் தம்பிகளுக்கு இதைப் பட்டறை வாசலிலேயே செய்துகாட்டினேன். பெரியவன் படுத்தான். சின்னவன் அவனைத் தாண்டப் பார்த்தான். முடியவில்லை. "அண்ணாச்சி, நாங்க வண்டி நிக்கும்போது இருக்கிற மாதிரியேதான் யோசிச்சோம்" என்றான். எல்லாரும் அப்படித்தான் யோசிக்கிறோம், தம்பி.

வீட்டு அலமாரியை வண்டிக்குள் கட்டுவது

18 மில்லிமீட்டர் பிளை எட்டுக்கு நாலு ஒரு ஷீட் 35 கிலோவைத் தாண்டும். வீட்டு வார்ட்ரோபுக்குப் போடுவதுபோல எட்டு ஷீட் ஏற்றினால் நாலு ஆள் எடை அங்கேயே போய்விட்டது. ஆள் படுக்கும் இடத்துக்கு மட்டும் தடித்த பலகை போடுங்கள். மற்றதற்கு 12 போதும், மேல் அலமாரிக்கு 9 போதும்.

கதவு மூடிய நிலையில் தானாகப் பூட்டிக்கொள்ளும் அழுத்துப் பூட்டு எல்லாவற்றுக்கும் வேண்டும். வீட்டுக் காந்தம் மலை வளைவில் நிற்காது. எட்டு கிலோ டிராயர் ஒன்று வளைவில் திறந்து வந்து முழங்காலில் இடித்தால் தெரியும்.

எடை ஒரே பக்கம் சேர்வது

தண்ணீர்த் தொட்டி, பிரிட்ஜ், பேட்டரி, அடுப்படி எல்லாம் ஒரே சுவரில் இருந்தால் குழாயும் வயரும் மிச்சமாகும். ஆனால் நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று அம்பது, அறுபது கிலோ. பிரிட்ஜும் சேர்ந்தால் வண்டி நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்; இறக்கத்தில் வளைவு வந்தால் டிரைவருக்கு உள்ளங்கை வேர்க்கும். பின் அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் அது வேறு ஆபத்து. நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். தண்ணீர்த் தொட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையை ஒட்டி வையுங்கள்.

எங்கள் ஊரில் மர அறுவை மில்களுக்கு லாரி வருவதால் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். சாமான் ஏற்றி, தொட்டி நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போங்கள். முன்சக்கரம் மட்டும் ஒரு எடை, முழு வண்டி ஒரு எடை. கழித்தால் பின் அச்சின் எடை வந்துவிடும். முழு வண்டியின் எடையை ஆர்சி புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வலது பக்கம் வெளிக்கதவு

வேண்டாம். திறந்தால் ரோட்டில் நிற்பீர்கள்.

சிலிண்டர்

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். சிலிண்டர் அறை வண்டியின் உட்பக்கம் முழுதாக அடைத்திருக்க வேண்டும். இடது பக்கம் வெளியிலிருந்து திறக்க வேண்டும். அந்த அறையின் தரைப் பலகையில் கீழ்நோக்கித் துளை இருக்க வேண்டும். துளையை மேலே வைத்துவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடைக்கும் வால்வு மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில், உள்ளே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பேட்டரிக்கு மேலே இடம் விடாதது

டியூபுலர் போட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பெஞ்சுக்கு அடியில் சரியாக நுழையும் அளவுக்குப் பேட்டரியை அடைத்துவிட்டால் பாட்டிலைச் சாய்க்க இடம் இருக்காது. ஊற்றாமல் விடுவீர்கள், பேட்டரி காயும். இழுத்து வெளியே கொண்டுவரும் தட்டில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதற்கும் வெளியே போக வழி வேண்டும். லித்தியம் போட்டால் இந்த இரண்டு பாடும் இல்லை, எடையும் கால்வாசிதான், விலை அதிகம். பியூஸ் பெட்டி எதுவானாலும் நின்றபடி கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருக்கட்டும்.

கூரைமேல் கேரியர்

மழையில் ஏணி ஏறி எடுக்கும் தைரியம் இருக்கிற சாமானை மட்டும் வையுங்கள்.

ஆர்டிஓ

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். படம் முடிந்ததும், பலகை அறுப்பதற்கு முன், அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போங்கள். கட்டி முடித்துவிட்டுப் போனால் அங்கே திருத்தச் சொல்லும் ஒவ்வொன்றும் பிரிக்கும் வேலைதான். எல்லை தாண்டினால் கேரளத்தில் வண்டி மாற்றங்களைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

ஈரத்துக்கு இடம் வைக்காதது

இது எங்கள் மண்ணின் விஷயம், ஆனாலும் மலைப்பக்கம் போகும் எல்லாருக்கும் பொருந்தும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது அருவியில் குளித்துவிட்டு ஏழு பேர் ஈரத் துணியோடு வண்டியில் ஏறுவார்கள். படத்தில் துணி அலமாரி இருக்கும், காலணித் தட்டு இருக்கும், ஈரத் துணிக்கு இடமே இருக்காது. மெத்தைமேல் போடுவார்கள். பத்து நாளில் மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடித்துவிடும்; பிளையில் கறுப்புப் புள்ளி ஏறினால் பிறகு போகாது.

மெத்தைக்குக் கீழே முழுப் பலகை போடாமல், இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். மூடிய அலமாரி ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் நாலு துளை போடுங்கள். கதவுக்கு உள்ளே, ஏறியதும் இடது கைக்கு எட்டும் இடத்தில், ஒன்றரையடி அகலத்துக்கு ஒரு குறுகிய அறை விடுங்கள். மேலே கொக்கிகள், கீழே ஸ்டீல் தட்டு, தட்டிலிருந்து வண்டிக்கு அடியில் இறங்கும் குழாய். குடை, துண்டு, ஈரச் செருப்பு எல்லாம் அதற்குள் போய்விடும். அந்தக் குழாய்க்கு அரை அங்குலம் போதாது, முடியும் மணலும் சேர்ந்து அடைத்துவிடும். ஒரு அங்குலமே போடுங்கள்.