நிலவில் முயலைக் கண்டுபிடித்துக் குழந்தைக்குக் காட்டுவது எப்படி

நிலவில் முயல் இருக்கிறது என்று கேள்விப்படாதவர் அநேகமாக இல்லை. ஆனால் அதன் காது எது, முதுகு எது என்று விரல் நீட்டிக் காட்டச் சொன்னால் பலரும் தடுமாறிப் போகிறோம். வடமொழியில் 'சசம்' என்றால் முயல். சந்திரனுக்குச் சசி, சசாங்கன் என்ற பெயர்கள் வந்தது அதனால்தான். அகநானூற்றின் 141ஆம் பாடலில் கார்த்திகை விளக்கிடும் இரவைச் சொல்லும் நக்கீரரும், நிறைமதியின் மறுவைக் 'குறுமுயல்' என்றே குறிக்கிறார். இவ்வளவு பழைய முயலைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டியதில்லை. தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்காமல் போட்டுக்கொண்டால் போதும்.

முதலில் நாளையும் நேரத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலையே மிக வசதியானது. அன்று சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்பே நிலவு கிழக்கில் எழுந்துவிடும். வானம் நன்றாக இருட்டிய பிறகு முழுநிலவின் ஒளி கண்ணைக் கூசச் செய்வதால் கறைகளின் ஓரங்கள் கரைந்துவிடுகின்றன. அந்தி வெளிச்சம் இருக்கும்போது அவை பளிச்சென்று பிரிந்து தெரிகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்களிலிருந்து பார்க்கையில், எழுந்து வரும் நிலவில்தான் முயல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நள்ளிரவில் அது உச்சியில் படுத்துக் கிடக்கும். விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது தலைகீழாகத் தொங்கும். தலைக்கு மேல் நிலவு வந்த பிறகு அண்ணாந்து தேடிவிட்டு, முயலும் இல்லை ஒன்றும் இல்லை என்று திரும்பியவர்கள் பலர்.

மொட்டை மாடியிலோ குளக்கரையிலோ கிழக்கு நோக்கி நின்றுகொண்டு, நிலவின் மேல் விளிம்பருகே, சற்றே இடப்புறமாக, மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்திருக்கும் சிறிய நீள்வட்டக் கறையை முதலில் தேடுங்கள். அது முயலின் உறுப்பு அன்று, நமக்கு அடையாளக்கல். அதற்குக் கீழே உள்ள பெரிய கறை முயலின் தலை. தலையிலிருந்து வலப்புறம் மேல்நோக்கி இரண்டு கறைகள் கிளை பிரிவதைக் காணலாம், அவை காதுகள். காதுகள் பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே கூடிவிடும். தலையிலிருந்து இடப்புறமாக இறங்கினால் வட்டமான கறை ஒன்று, அதற்குக் கீழே அதைவிடப் பெரிய கறை ஒன்று என முதுகு வளைந்து செல்லும். அடிப்பகுதியில் பரந்து கிடக்கும் கறை பின்புறம். வலப்பக்கம், முயலின் முன்னே, சிறு கறைகள் சேர்ந்து உரல்போல் தோன்றும். மாதத்துக்கு மாதம் இந்த உருவம் சற்றே சாய்ந்து தெரியக்கூடும்.

இந்தக் கறைகள் பெரும்பாலும் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைக் குழம்பு வழிந்து இறுகிய கரும்பாறைச் சமவெளிகள். நீர் என்று கருதிய பழைய வானியலாளர்கள் அவற்றுக்குக் கடல் என்று பெயரிட்டார்கள். அந்த லத்தீன் பெயர்களைத் தமிழாக்கினால் தலை அமைதிக் கடல், காதுகள் வளக் கடலும் அமுதக் கடலும், முதுகு தெளிவுக் கடலும் மழைக் கடலும் ஆகும்.

உருவம் பிடிபட்ட பிறகே கதையைத் தொடங்குங்கள். பௌத்த ஜாதகக் கதையில், பிராமணர் வேடத்தில் வந்து உணவு கேட்கும் சக்கனுக்கு, அதாவது இந்திரனுக்கு, கொடுக்க வேறெதுவும் இல்லாத முயல், தன்னையே தீயில் இட முடிவு செய்கிறது. தீயில் பாய்வதற்கு முன், தன் மயிரில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகள் எரிந்துவிடக் கூடாதே என்று மூன்று முறை உடம்பை உதறிக்கொள்கிறது. சொல்பவர்கள் பலர் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதையின் உயிரே இங்குதான் இருக்கிறது. தீ அதைச் சுடவில்லை. சக்கன் மலையைப் பிழிந்த சாற்றால் நிலவில் முயலின் உருவத்தை வரைகிறான். அந்த உரலைக் காட்டி, சீனாவில் முயல் சாகா மருந்து இடிப்பதாகவும் ஜப்பானில் அரிசி மாவுப் பண்டத்துக்காக இடிப்பதாகவும் சொல்வதைச் சேர்த்துக்கொள்ளலாம். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களோ, நிலவும் ஒருகாலத்தில் சூரியனுக்கு இணையாக ஒளிர்ந்தது என்றும், கடவுளர் அதன் முகத்தில் ஒரு முயலை வீசி அடித்து ஒளியைக் குறைத்தார்கள் என்றும் சொன்னார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறொன்று பிடிக்கும். 1969 ஜூலை 20 அன்று, அமெரிக்காவின் அப்போலோ 11 விண்கலம் நிலவில் இறங்கவிருந்த நாளின் காலையில், தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தார் சீனக் கதையைச் சொல்லி அங்கே ஒரு பெரிய முயலைத் தேடிப் பார்க்கும்படி கேலியாகக் கேட்டுக்கொண்டார்கள். விண்வெளி வீரர்கள் இறங்கியதோ அமைதிக் கடலில், அதாவது முயலின் தலையிலேயே. 2013 டிசம்பரில் சீனா அனுப்பிய 'யூடூ' என்ற ஊர்திக்கு 'ஜேட்' எனும் பச்சை மணிக்கல் முயல் என்று பொருள் சொல்லலாம்; அது இறங்கியது மழைக் கடலில், முயலின் முதுகில்.

நிலவு சற்று உயர்ந்ததும் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, அதில் நிலவின் பிம்பம் தெரியும் தொலைவில் குழந்தையை நிறுத்துங்கள். பஞ்சதந்திரத்தில், முயல்களை மிதித்துக் கொன்ற யானைக்கூட்டத்தின் தலைவனிடம் சந்திரனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு போகும் முயல், ஏரியில் நடுங்கும் நிலவைக் காட்டி, சந்திரன் கோபத்தில் துடிக்கிறான் என்று நம்பவைக்கும். அந்த இடம் வரும்போது தாம்பாளத்தின் ஓரத்தை விரலால் தட்டினால் போதும்; குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இராது.

குழந்தை அப்போதும், நிலவில் பாட்டி வடை சுடுவதுதான் தெரிகிறது என்றால், அப்படியே விட்டுவிடுங்கள். நாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கத் தேவையில்லை. அதே கறைகளில் இரண்டுக்கும் இடம் உண்டு.

ஆர்வம் நீடித்தால் அடுத்த நாள்களிலும் பார்க்கலாம். தேய்பிறையில் முதலில் மறைபவை காதுகளே. பஞ்சமிக்குள் அவை போய்விடும், அஷ்டமியில் தலையும் இராது. பிறகு வளர்பிறைப் பஞ்சமி மாலையில் மேற்கு வானத்தைப் பாருங்கள்: முயலின் மற்ற பகுதி இருளில் இருக்க, காதுகள் மட்டும் கீழ்நோக்கித் தொங்கியபடி வெளிப்பட்டிருக்கும்.